இரண்டு தடவை சொல்லும் அத்தை

“அத்தைக்கு மறதி வந்துடுச்சு டாக்டர். சாப்பாட்டு மேஜையில எதையும் ரெண்டு தடவை சொல்றாங்க. முதல்ல டச்சுல, உடனே அதையே உங்க ஊர் மொழி ஃப்ரிஸியன்ல!”

நெதர்லாந்தின் லேவர்டன் நகரில், மருத்துவரிடம் மார்லூஸ் பொரிந்து தள்ளினாள். புதன்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகள் பாட்டி வீட்டில்தான். இனி விடலாமா என்பது அவள் கவலை.

மாமியார் சீட்ஸ்கே எழுந்து சோதனை அறைக்குள் போனார்.

ஒரு மணி நேரச் சோதனை முடிந்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“கவனத்தைச் சட்டுனு மாத்துற சோதனையில என்னையே தோற்கடிச்சுடுவாங்க போல! ரெண்டு மொழிக்காரங்க இங்க எக்கச்சக்கம். ஆனா ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு வேலைக்குன்னு ஒதுக்கிடுவாங்க. இவங்க ஒரே மூச்சுல மாத்திப் பேசறாங்க. அந்தப் பழக்கமும் காரணமா இருக்கலாம். ஆமா, யாருக்காக அப்படிப் பேசறாங்க?”

மார்லூஸுக்குத் தெரியவில்லை. காரில் ஏறியதும் கேட்டேவிட்டாள்.

“ஏன் அத்தை? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்.”

“நினைச்சுக்கோயேன். எனக்கென்ன!”

“பிள்ளைங்களை அனுப்பாம இருந்திருப்பேனே!”

சீட்ஸ்கேயின் குரல் இறங்கியது.

“நீ மருமகளா வந்த நாள்லேருந்து, பதினோரு வருஷமா, உனக்குப் புரியணும்னு மேஜையில எல்லாரும் டச்சுதான். பனிக்காலத்துல உன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்துச்சே, தாய்மொழி ஃப்ரிஸியன்ல பேச்சு திரும்புச்சு. டச்சு மட்டும் திரும்பலை. நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல டச்சு சொல்லிக்கொடுத்த மனுஷன்டி. வெளிய தெரிஞ்சா மேஜைக்கே வரமாட்டார்.”

“அதுக்காக நீங்க மறதிக்காரின்னு பேர் வாங்கணுமா?”

“எல்லாரும் என்னைப் பார்த்துட்டிருந்தா, அவரைப் பார்க்க மாட்டீங்கல்ல?”

என்ன மனுஷி! மார்லூஸுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வரும்வரை மாமியாரிடம் ஏதோ வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

அன்று மாலை மாமியார் வீட்டில், உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள்.

“சூடா இருக்கு மாமா” என்றாள் டச்சில்.

மாமனார் வீப்ரன் புரிந்தவர்போலத் தலையாட்டினார். கை நேராகப் பாத்திரத்துக்குப் போனது.

மார்லூஸ் அவசரமாக, அதையே தப்பும் தவறுமான ஃப்ரிஸியனில் சொன்னாள். கை நின்றது. கிழவர் முகம் மலர்ந்தது.

கணவன் யெல்மர் சிரித்தான். “என்ன, அம்மா மாதிரி நீயும் ரெண்டு தடவை சொல்ற? உனக்கும் மறதியா?”

“ஆமா” என்றாள் மார்லூஸ். “எனக்குத்தான். பதினோரு வருஷமா.”