நாலாவது பேட்டரி

பச்சை எரிந்தது.

எரிந்திருக்கக் கூடாது. சிவப்புதான் வந்திருக்க வேண்டும்.

படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி அவன் மணிக்கட்டுத் திரையை அவளிடம் நீட்டிக் காட்டினான். அவள் தம்பி ரெமி. போன மாதம் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறி, நுரையீரல் கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். ஆறு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். யார் கேட்டது? மூழ்கிய விசைப்படகின் எஞ்சினுக்குக் கயிறு கட்ட இதோ கிளம்பிவிட்டான்.

அவன் முதுகில் இருப்பது, விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் கருவி. ஆக்சிஜன் குறைந்தால் வால்வைத் திறந்துவிட அதற்குள் ஒரு பெட்டி. பெட்டிக்கு நாலு பேட்டரி. பொறுக்கி எடுப்பதும், வரிசையாகச் சேர்த்து டேப் சுற்றுவதும் எப்போதும் அவள்தான். வேறு யார் கையையும் அவன் நம்ப மாட்டான்.

நேற்று மூன்று புதிது போட்டாள். நாலாவதை ஒரு குட்டி பல்பில் மாட்டி, மீட்டர் முள் விழும்வரை எரியவிட்டு, சாகடித்து, அந்த மூன்றோடு சேர்த்துக் கட்டினாள்.

படகில் சோதிக்கும்போது சிவப்பு வரும். திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவான். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.

ராத்திரி முழுக்க அந்தப் பேட்டரி சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தால் செத்த பேட்டரியும் கொஞ்சம் தேறிக்கொள்ளும். சோதனைவரை தாங்கும். வேலை கொடுத்தால் படுத்துவிடும். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் புத்தி எங்கே போனதோ.

அடியில் அது நின்றால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், ஆனால் மூச்சுத் திணறாது. இருமல் வராது. தூக்கம் வருவதுபோல் இருக்குமாம், அவ்வளவுதான். இடுப்பில் மாற்றுச் சிலிண்டர் உண்டு. ஆபத்து என்று தெரிந்தால்தானே திறப்பான்?

"எலே, எறங்காத! செத்த பேட்டரிய நான்தாம்ல உள்ள வச்சேன். கழத்துல!"

ரெமி படகுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"காலைல அம்மாக்குக் காய்ச்சல்ன்ன. பெறவு டீசல் இல்லன்ன. இப்ப பேட்டரியா? போக்கா. நீ கட்டுனது என்னைக்குச் செத்துருக்கு?"

படகுக்காரரும் சிரித்தார்.

அவள் பாய்ந்து தோள்வாரைப் பிடிப்பதற்குள், குழாயை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

இந்தக் கருவியில் மூச்சுக் குமிழிகூட மேலே வராது. எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியவில்லை.

ஸ்பானரை எடுத்து இரும்பு ஏணியில் அடித்தாள். விடாமல் அடித்தால் உடனே மேலே வா என்று அர்த்தம். தண்ணீருக்குள் ரொம்ப தூரம் கேட்கும்.

அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள்.

அவனுக்குக் கேட்கும்.

அக்கா இன்னும் விடவில்லை என்று சிரித்துக்கொண்டே கீழே போவான்.