எங்கள் வீட்டுக்கு வராத பை

பையைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு, இதை யாரும் தொடக்கூடாது என்று அறிவித்தேன்.

வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் மட்டும்.

"தொடல தாயே," என்றாள் அம்மா. "பக்கத்துல நின்னு மூச்சாவது விடலாமா?"

விளையாட்டில்லை. ஆபீஸ் பதிவேட்டில் மூன்று கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கென்று வாங்கி வந்த பை. திங்கள் காலை பத்து மணிக்குள் நான் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும்: டிரெண்டா, கிளாசிக்கா.

டிரெண்ட் என்றால் எங்கள் கடைகளுக்குக் கொஞ்சம் வாங்கி, ஒரு சீசனோடு கைகழுவி விடுவார்கள். கிளாசிக் என்றால் இரண்டு வருடத்துக்கு ஆர்டர். நான் தப்பாகச் சொன்னால் கிடங்கில் தூங்கும் ஒவ்வொரு பையும் என்னைத்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் 'ஆறு மாசம்'. அவ்வளவுதான் என் தகுதிகாண் காலம். இந்த வாரத்தோடு முடிகிறது. உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இந்தப் பையை வைத்துத்தான் முடிவு செய்வேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. அம்மாவின் அலமாரியில் இந்த மாதிரிப் பைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். பார்த்தாலே தெரியும்பா என்பார்கள். எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் படித்தால்தான் எதுவும் தெரியும்.

படித்தேன். எட்டுப் பக்கத்துக்கு வரைபடம் போட்டேன். இருபது வருடத்துக்கு முன்னால் வந்து, நாலு வருடம் விற்று, நின்றுபோன மாடல். இப்போது மறுபடியும் இறக்கியிருக்கிறார்கள். பார்க்கிற தோளிலெல்லாம் தொங்குகிறது. எட்டுப் பக்கமும் சேர்ந்து 'இருக்கலாம்' என்று சொன்னது.

ஆனால் அழகு. இந்த மாதிரிப் பைகள் மீதும் இவற்றைத் தூக்குகிறவர்கள் மீதும் எனக்கிருக்கும் அத்தனை கடுப்போடும் சொல்கிறேன், அழகு. காப்பிக்கொட்டை நிறத் தோல். மேலே ஓர் எழுத்தில்லை, ஒரு மினுக்கில்லை. மூடியின் வளைவு, கை நடுங்காத யாரோ ஒரே மூச்சில் இழுத்த கோடு.

அம்மா கையைக் கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் தடுக்கவில்லை.

முதலில் காலிப் பையைத் தூக்கிக் கனம் பார்த்தாள். பிறகு தரையில் வைத்தாள். அது சாயாமல் நின்றது. ஒரே கையால் பூட்டைத் திறந்து, அதே கையால் மூடினாள். கவிழ்த்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். கைப்பிடி வந்து சேரும் இடத்தில் நகத்தை மெல்ல ஓட்டினாள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

எங்கள் ஆபீசில் ஒருத்தரும் ஒரு பையைத் தரையில் வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் வேலை. அந்த வீட்டம்மாவின் அலமாரியைத் துடைப்பது, பைகள் அமுங்கிப்போகாமல் உள்ளே காகிதம் திணிப்பது, பூஞ்சை பிடித்ததை வெயிலில் வைப்பது எல்லாம் அவள்தான்.

"புதுசா வந்தா மொத ரெண்டு மாசம் சோபா மேல கெடக்கும்," என்றாள். "அப்புறம் அலமாரி. அப்புறம் பரண். அப்புறம், 'இந்தா, இத நீ எடுத்துக்கோ.' அவ்ளோதாண்டி ஒன் டிரெண்டு."

எங்கள் வீட்டில் அப்படி வந்தவை ஐந்து. ஒன்றில் வெங்காயம். ஒன்றில் அம்மாவின் மாத்திரைகள். தங்கக் கொக்கி போட்ட ஒன்றில் என் பட்டச் சான்றிதழ். ஃபேஷன் செத்தால் பிணத்தை எங்கள் வீட்டில்தான் இறக்குவார்கள். இதைக் கண்டுபிடிக்கவா நான் எட்டுப் பக்கம் எழுதினேன்!

"அப்ப இது?" என்றேன்.

அம்மா மூடியின் வளைவை ஒருமுறை தடவினாள். அவள் முகத்தில் ஆசை இல்லை. நன்றாகப் பாடுகிறவரைக் கேட்கும்போது ஒரு முகம் வருமே, அது இருந்தது.

"இதே மாடல் அந்தம்மாகிட்ட இருந்துச்சு. நம்ம வீட்டுக்கு வரவே இல்ல. இதத் தேடிக்கிட்டு ஆளுங்கதான் வந்தாங்க."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். படுக்கையைப் புரட்டினார்கள். துணிப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். என் புத்தகப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். என்ன தேடுகிறார்கள் என்று கேட்டதற்கு, ஏதோ சாமானாம் என்றாள் அம்மா. பத்து வருடமாக நான் அதை நகை என்றே நினைத்திருந்தேன்.

"கடைசில அந்தம்மா வண்டி டிக்கியிலயே இருந்துச்சு. மறுநாள் நாந்தான் தொடச்சு உள்ள வெச்சேன்." பையை என் பக்கம் திருப்பி வைத்தாள். "வாங்கி எட்டு வருஷம் ஆன பை. அதுக்குப் போயி அந்தம்மா அப்படி அழுதாங்க. எப்பேர்ப்பட்ட பையின்னு நீயே பாத்துக்கோ!"

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

நான் படிவத்தை எடுத்து 'கிளாசிக்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'காரணம், ஒரே வரியில்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தது.

'காணாமல் போனால், அலமாரி துடைக்கிறவளின் வீட்டில் தேடுவார்கள்.'