சேற்றுத் திரை

"திரை மறுபடியும் தூக்கிக்குது. இன்னும் கொஞ்சம் கனமாப் போட்டுக் கொடுங்க," என்றார் எலெக்ட்ரீஷியன்.

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுப் பட்டறை வாசலைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன் பின்னால், கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லரின் முன்பக்கக் குழாயில் போன வாரம் அவரே தொங்கவிட்ட ரப்பர் திரை. அதைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே போயிருக்கக் கூடாது. ஆனால் டிரெய்லரின் தரையெல்லாம் சேற்றுப் புள்ளிகள்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இதே பாடுதான். முதலில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு ரப்பர் பட்டை வைத்தார். சேறு குறைந்தது, சாரல் நிற்கவில்லை. அப்புறம் டிரெய்லருக்கு முன்னால் கித்தான் திரை. அதை வெல்டரின் மனைவி தைத்தாள். பட்டறையின் மறுபாதியில் சீட் கவர் தைப்பது அவள் தொழில். கித்தான் தூக்கிக்கொள்கிறது என்று எலெக்ட்ரீஷியன் திரும்பி வந்தார். காற்றாக இருக்கும் என்று வெல்டர் ரப்பருக்கு மாற்றினார். இப்போது அதுவும் தூக்கிக்கொள்கிறதாம்.

அப்படி என்னதான் ஏற்றிப்போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "உடையுற சாமான்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த டிரெய்லரில் ஏணியும் ஒயர்ச் சுருளும் போவதைத்தான் தெருவே பார்த்திருக்கிறது. ஒயர் என்றைக்கு உடைந்தது என்று வெல்டரின் மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள்.

இந்த முறை திரையின் அடி ஓரத்தை மடித்துத் தைத்து, அதற்குள் ஓர் இரும்புக் கம்பியைக் கோத்தார்கள். புயலே வந்தாலும் அசையாது என்று சொல்லி அனுப்பினார் வெல்டர். சொன்னாரே தவிர, மனசு ஒப்பவில்லை. தன் வேலை எந்த இடத்தில் தோற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ரெக்சின் வாங்க மனைவியோடு ஸ்கூட்டரில் போன ஒரு காலையில் அது தெரிந்தது.

மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்று சொல்ல முடியாத நேரம். வானமும் சாலையும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன. எதிரே வந்த வண்டிகள் மிதந்து வந்து மிதந்து போயின. அந்த மங்கலுக்குள் எலெக்ட்ரீஷியனின் வண்டி முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வெல்டர் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நெருங்கினார்.

டிரெய்லரில் ஏணி இல்லை, ஒயர் இல்லை. மெத்தை போட்ட ஒரு நாற்காலியைப் பட்டை கட்டி நிறுத்தியிருந்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அவரோட சம்சாரம்ங்க," என்று காதருகில் சொன்னாள் மனைவி. "உடம்புக்கு முடியலைன்னு ரொம்ப நாளா வெளியிலேயே காணோமே."

அந்தப் பெண்ணின் ஒரு கை பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு கை மடியிலிருந்து எழுந்தது. ஆழத்து நீரிலிருந்து ஏதோ மேலே வருவதுபோல, அத்தனை மெதுவாக. திரையின் ஓரத்தைத் தொட்டது. நழுவியது. மறுபடி தொட்டது. கம்பி கோத்த திரை ஒரு சாண் விலகியது. சக்கரம் வாரியடித்த சேற்றுத் தண்ணீர் உள்ளே பாய்ந்து அவள் நெற்றியிலும் கன்னத்திலும் தெறித்தது. அவள் கண்ணை மூடி, முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி, அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். தூக்கத்தில் குழந்தை சிரிப்பதுபோல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது.

கண்ணைத் திறந்தபோது இவர்களைப் பார்த்துவிட்டாள். கணவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு இவர்களிடம், சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினாள். வெல்டர் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினார்.

ரெக்சின் சுருளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். நாலு சுவருக்குள் கிடந்தவள் ஒரு வாய் மழைக்கு ஏங்குகிறாள், அந்த மனுஷன் கல்நெஞ்சக்காரன்போல் அடைத்து அடைத்து வைக்கிறாரே என்றாள். அதற்கு நாமும் கம்பி கோத்துக் கொடுத்தோமே என்றார் வெல்டர்.

மறுநாள், கம்பி துருப்பிடிக்கும், சும்மாவே மாற்றித் தருகிறோம் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டனுப்பினார்கள். அதே கறுப்பு, அதே அளவு. ஆனால் தூக்கினால் தாமரை இலைபோல் வரும் மெல்லிய ரெக்சின். மனைவி பார்த்துப் பார்த்துத் தைத்தாள். எலெக்ட்ரீஷியன் அவசரத்தில் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வந்து நின்றார். டிரெய்லரின் உள்பக்கம் முழுக்கச் சேறு.

"யாரு இதை லேசாப் போடச் சொன்னது?"

வெல்டர் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். மனைவிதான் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"நான்தான் தைச்சேன் அண்ணா. அன்னைக்கு ரோட்டுல நாங்க பார்த்துட்டோம். காத்து இல்ல, அண்ணிதான் ஆசைப்பட்டுத் தூக்குறாங்க. சேறு கழுவினா போயிடும். அவங்களை விட்டுடுங்க."

எலெக்ட்ரீஷியன் அந்த மெல்லிய திரையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். வெளியே தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது.

"கித்தான் போட்ட அன்னைக்கே கண்ணாடியில பார்த்துட்டேம்மா. கூட்டிட்டுப் போற ஆஸ்பத்திரியில பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாங்க, தொட மாட்டேன்னுட்டா," என்றார். "வாதத்துல விழுந்த கை அது. இப்போ கம்பியையே தூக்குது. அடுத்ததை இன்னும் கொஞ்சம் கனமாத் தைச்சுக் கொடு."