சோதித்த சரக்கு

"ஏய், வந்துட்டாங்கடி! காரு வந்துடுச்சி!"

தோணிரேவு மீனவர் குப்பமே தலைகீழாய் நின்றது. பவுனம்மாள் கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். பின்னே, இருக்காதா? பவுடர் கம்பெனிக்காரர் வருகிறார் என்றால் சும்மாவா?

கருவாட்டில் ஈ மொய்க்காமல், புழு வைக்காமல் இருக்க அந்த வெள்ளைப் பவுடரைத் தூவித்தான் குப்பத்தில் எல்லோரும் காயவைப்பது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் பொன்னேரிப் பக்கம் ஒரு வீட்டில் கருவாடு தின்ற நாலு பேருக்கு வாந்தி. பவுடர்தான் காரணம்னு எவனோ கிளப்பிவிட, அன்றிலிருந்து வியாபாரியின் லாரி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பவுனம்மாள் வீட்டில் கூரை முட்ட மூட்டை. அது எண்பத்து மூணாம் வருஷத்து ஐப்பசி. மழை இறங்கினால் அத்தனையும் குப்பைக்குத்தான். அப்புறம் வருஷம் பூரா அடுப்பு எரியாது.

அந்த நேரத்தில்தான் கம்பெனி தானாக முன்வந்து, தன் பவுடரைத் தானே சோதித்து, முடிவு சொல்ல ஆள் அனுப்பியிருந்தது. வியாபாரியும் லாரியோடு வந்து ஓரமாக நின்றார். நல்ல சொல் வந்தால் சரக்கு ஏறும். இல்லாவிட்டால் காலி லாரி திரும்பிப் போகும்.

கம்பெனிக்காரர் உலகநாதன், குப்பத்தார் போட்ட மாலையோடு, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் ஏறி நின்றார்.

"சர்க்கார் கேக்கல. சட்டம் கேக்கல. நாங்களா முன்வந்து சோதிச்சோம். பவுடர்ல ஒரு குத்தமும் இல்ல. தைரியமா விக்கலாம், தைரியமா வாங்கலாம்!"

அடேயப்பா, அந்த விசில்! குப்பத்துப் பெரிய மனுஷர் துளசிங்கம் துண்டைச் சுழற்றி ஆடியே விட்டார். "ஏத்துங்கய்யா மூட்டைய!" என்றார் வியாபாரி. பவுனம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சாருக்கு விருந்து அவள் வீட்டில்தான். இறால் தொக்கு, நண்டு, மடவை மீன் வறுவல், நடுநாயகமாய்க் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு.

சார் இறாலை ஒரு பிடி பிடித்தார். நண்டுக் காலை விடாமல் உறிஞ்சினார். கருவாட்டுக் குழம்பை மட்டும் தொடவே இல்லை. கிண்ணத்தை மெல்ல ஓரம் தள்ளினார்.

பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது.

"இன்னா சார், நண்டு இனிச்சிது, கருவாடு கசக்குதா?"

"அதில்லம்மா, வயிறு நெறஞ்சிடுச்சு..."

"பட்டணத்து நாக்குக்குக் கருவாட்டு நாத்தம் ஆவாதுன்னு நேரா சொல்லிடு சார்! நீங்க வரீங்கன்னு தெரிஞ்சி, உங்க பவுடராச்சேன்னு, உங்களுக்குன்னே ரெண்டு கை கூடத் தூவிக் காயவச்சேன். ஒரு ஈ அண்டல, தெரியுமா!"

சாரின் முகம் வெளுத்துப்போனது.

"பவுனு, வாய மூடு!" துளசிங்கம் பல்லைக் கடித்தார். "லாரி நிக்குது. அவரு துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா?"

துளசிங்கம் வெற்றிலை பாக்கு எடுக்கப் போனார். கை கழுவத் தண்ணீர் ஊற்றிய பவுனம்மாளிடம் சார் குரலைத் தாழ்த்தினார்.

"கேவலமா நெனைக்கலம்மா. அந்தப் பவுடர சோதிச்சதே நான்தான். அதான் சாப்பிடல."

"பின்ன, அங்க ஏறி நின்னு ஒரு குத்தமும் இல்லன்னு..."

"நாங்களா முன்வந்து செய்யற சோதனை. அதுல எதச் சொல்றது, எத விடறதுன்னும் நாங்களேதான் முடிவு பண்றோம்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள ஒரு குழந்தை விளையாடுதே, அதுக்கு மட்டும் இதக் குடுத்துடாதம்மா."

கார் கிளம்பிப் போனது.

பவுனம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படிச்ச மனுஷன்! கார்ல வந்து, மாலை போட்டுக்கினு, வாய் கூசாம பொய் சொல்லிட்டுப் போறானே! தன் வயிறுன்னா ஒன்னு, ஊரான் வயிறுன்னா ஒன்னா? நல்லா இருப்பானா அவன்? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே குழம்புச் சட்டியைத் தூக்கிப் போய், கொல்லையில் குழி தோண்டிக் கவிழ்த்தாள். "எம்மா, எனக்குக் கொஞ்சம்" என்று ஓடிவந்த மகள் மனோரமாவின் கையில் சுளீரென்று ஒரு அடி வைத்தாள். அப்புறம் அவளையே கட்டிக்கொண்டு அழுதாள்.

வெளியே ஹாரன் அலறியது.

"பவுனம்மா! உன் மூட்டைதான் பாக்கி! ஏத்தறியா, கெளம்பட்டுமா?" வியாபாரி கத்தினார்.

"ஐயோ, இதோ வந்துட்டேன்! வுட்டுட்டுப் பூடாதீங்க!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

குப்பமே கைகொடுத்தது. சிரிப்பும் கூச்சலுமாய் மூட்டைகள் பறந்தன. இந்த வருஷம் அடுப்பு எரியும்! பவுனம்மாளுக்கு எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ, ஆம்பிளைகளுக்குச் சமமாய்த் தூக்கிக் கொடுத்தாள்.

லாரி மேல் நின்று மூட்டை அடுக்கிய வியாபாரியின் கூலியாள் வடிவேலு தலையைச் சொறிந்தான்.

"யக்கா, வூட்ல புள்ளைங்க கருவாடுன்னா உயிர வுடும். ரெண்டு கை அள்ளிக்கட்டுமா?"

பவுனம்மாள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"வாணாம்பா. உள்ள பச்ச மடவை இருக்குது, அத எடுத்துக்கினு போ," என்றவள், குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கி லாரிக்குள் தள்ளினாள்.