ஆட்டின் கழுத்தில் ஒரு செப்புவில்லை

பருத்தி வியாபாரியாயிருந்த தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் பொறித்து அச்சடித்த செப்புவில்லைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார் தணிகாசலம். அந்தக் காலத்தில் கொள்ளுத்தாத்தா தன் ஆட்களுக்குக் காசுக்குப் பதிலாகக் கூலியாகக் கொடுத்தவை. அவர் கடையில் மட்டும்தான் செல்லும், அதுவும் புழுத்த அரிசிக்கு. அவற்றைத்தான் தணிகாசலம் வெல்வெட் பெட்டியில் வைத்து வரலாறு என்கிறார்.

அவரிடம் இல்லாத ஒரு வில்லை, செவந்தி வீட்டு ஆட்டின் கழுத்தில் தொங்கியது.

"ஓட்டை போட்டுக் கெடுத்துட்டியேம்மா!" என்று பதறியவர், ஐயாயிரத்தை நீட்டினார்.

செவந்தி பணத்தைப் பார்க்கவேயில்லை. "எங்க பாட்டன் வாங்குன கூலி இது. அன்னிக்கு உங்க கடையத் தவிர எங்கயும் செல்லல. இன்னிக்கு உங்ககிட்டயும் செல்லாது. போங்க."

ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டினாள். நீட்டிய பணத்தோடு, வில்லையில் இருந்த பெயரைப் படிக்கக் குனிந்து குனிந்து, அவர் ஆட்டின் பின்னாலேயே போனார்.