உள் கண்ணாடி

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

சீட்டை முன்னால் இழுத்தாள். பெல்ட் போட்டாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள்.

முன் கண்ணாடியின் உச்சியில், நடுவில், பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடி தொங்கியது.

அதை மட்டும் தொடவில்லை.

கார் டிரைவிங் ஸ்கூலுடையது. கற்றுக்கொடுக்கும் சென்னியப்பன் எப்போதும் இடது பக்கம் உட்காருவார். உள் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வார். பின்னால் வருவதை அவர் பார்த்துச் சொல்வார். கற்றுக்கொள்கிறவர்கள் சாலையைப் பார்த்தால் போதும்.

இருபத்தாறு நாள் அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இன்று லைசென்ஸ் டெஸ்ட். இடது இருக்கையில் ஆய்வாளர். மடியில் அட்டை, அட்டையில் தாள். சென்னியப்பன் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

“அம்மிணி, பொட்டு இன்னைக்கும் லேன் மாறி நிக்குதுங்க” என்று காலையில்கூடச் சிரித்தார்.

பதினோரு வருடமாக அவள் நெற்றியைத் தடவிப் பார்த்துத்தான் பொட்டு வைக்கிறாள்.

கண்ணாடியில் இருக்கிறவள் தன்னைவிட ஒரு நொடி தாமதமாக இமைப்பாள் என்று பயம்.

அப்படி நடக்காது என்று தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். தலை தானாகத் திரும்பிக்கொள்ளும்.

வீட்டுக்காரர் நல்லவர். பீரோ கண்ணாடிமேல் பெரிய காலண்டராக வாங்கி மாட்டிவிட்டார்.

மனநல டாக்டர் நஸீமா சிரிக்கவில்லை. காரணம் தேடிப் பழைய கதையையும் கிளறவில்லை.

“அவ எப்ப இமைக்கறான்னு நீங்க ஒரு தடவையாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா? அதுக்குள்ள திரும்பிக்கறீங்க. அப்புறம் பயம் எப்படிப் போகும்?”

பயம் ஏறும், ஏறட்டும் என்றார். அது தானாக இறங்கும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

முதலில் எவர்சில்வர் டம்ளர். பிறகு கரண்டியின் குழி. அணைத்து வைத்த டிவி. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் காது மட்டும்.

பீரோவில் காலண்டரை வாரம் இரண்டு விரல் உயர்த்தினாள். கழுத்து வந்தது. வாய் வந்தது. மூக்கு வந்தது.

அதற்கு மேல் கை போகவில்லை.

போன மாதம் முதல் டெஸ்ட். “பின்னாடி என்ன வருது?” என்று அன்றைக்கு வந்த ஆய்வாளர் கேட்டார். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஃபெயில்.

இது இரண்டாவது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மழலையர் பள்ளி வேனுக்கு அவளைத்தான் ஓட்டுநராகப் பேசியிருக்கிறார்கள். லைசென்ஸோடு போனால் சாவி அவள் கையில். இல்லாவிட்டால் வேறு ஆள்.

“ம், எடுங்கம்மா.”

கையை உயர்த்தினாள். கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாக மெல்லத் திருப்பினாள்.

பின் ஜன்னல் வந்தது. சாலை வந்தது. புளியமரம் வந்தது.

இதுவே போதும். முகம் தெரியாமலே ஓட்டிவிடலாம். பாஸும் ஆகிவிடலாம்.

ஆனால் வேனில் பன்னிரண்டு குழந்தைகள் ஏறும். ஏதாவது ஒரு கை இதைத் தட்டிவிடும். ஓடுகிற வண்டியில் திடீரென்று கண்ணாடியில் இருக்கிறவள் எதிரே வந்து நிற்பாள்.

இங்கே வண்டி ஓரமாக நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது.

இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

இரண்டு கண்கள்.

உள்ளங்கை நனைந்தது. காது அடைத்தது. கழுத்து திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை.

இமைத்துப் பார்த்தால் தெரியாது. இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். அது இப்போதுதான் உறைத்தது.

ஒரு கண்ணை மட்டும் மூடினாள். இன்னொன்றைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாள்.

எதிரே இருந்தவளும் மூடினாள். கூடவே.

மறுபடி மூடினாள். கூடவே.

ஆய்வாளர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

“என்னம்மா, உங்களுக்கே கண்ணடிச்சுக்கிறீங்க? மூஞ்சியெல்லாம் வீட்டுலயே பாத்துட்டு வரக் கூடாதா?”

“வீட்டுல பாக்க முடியலீங்க சார்.”

பின் சீட்டில் சென்னியப்பன் இருமினார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. ஏறியது நின்றது. நின்றது இறங்கியது. டாக்டர் சொன்னபடியே, அவசரமில்லாமல், தானாக.

அப்புறம்தான் நெற்றியைக் கவனித்தாள். பொட்டு இடது புருவத்துக்கு மேலே ஏறி நின்றது. சென்னியப்பன் கேலி பண்ணியதில் தப்பே இல்லை.

நகத்தால் உரித்தாள். நடுவில் வைத்தாள். விரலால் ஒரு அழுத்து.

கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பினாள். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

“பின்னாடி என்ன வருது?”

கழுத்து அசையவில்லை.

“பால் வண்டிங்க சார். அது போயிரட்டும்.”

போனது.