பழனி வழி

இரண்டு இன்டர்நெட் லைனும் செத்துவிட்டன.

ஜஹீராவுக்கு நம்ப முடியவில்லை. பெட்டியில் பச்சையாக எரிய வேண்டிய இரண்டு விளக்குகளும் சிவப்பாக விழித்தன. ஒன்று போனால் இன்னொன்று கை கொடுக்க வேண்டும். அதற்காகத்தானே ரெண்டு கம்பெனி!

மலைக்கு ஏறும் இரண்டு ரோட்டில், டம்டம் பாறைக்கு மேலே மண் சரிந்து வத்தலக்குண்டு ரோடு அடைத்துக் கிடந்தது. முதல் லைன் அந்த வழியாக வருவது. அது போனதில் அதிசயமில்லை. இரண்டாவதுக்கு என்ன கேடு?

ஆஸ்பத்திரிக்கு உள்ளே, வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சில்லாமல் ஒரு பெரியவர் கிடந்தார். தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. அந்தப் படம் இந்த லைனில் போய், மதுரையில் இருக்கும் மூளை டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி. அடைப்பு என்றால் அந்த ஊசி ஆளைக் காப்பாற்றும். ரத்தக் கசிவு என்றால் அதே ஊசி கொன்றுவிடும்.

செல்போனில் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. படம் நகர மாட்டேன் என்றது. பழனி ரோட்டில் ஆம்புலன்ஸ் இறங்கி முடிப்பதற்குள் ஊசிக்கான நேரம் தாண்டிவிடும்.

அவள் என்ன, கண்ணை மூடிக்கொண்டா கம்பெனி பிடித்தாள்? நாயுடுபுரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவள் தலையில்தான். இரண்டாவது லைன் தருகிறோம் என்று வந்த அத்தனை பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்க லைன் எது வழியா மேல வருது?"

வேகம், தள்ளுபடி என்று அளந்தவர்களை எல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒருவர் மட்டும் பளிச்சென்று சொன்னார், பழனி வழியாக என்று. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டுமே!

கேபிள்காரன் பழனிக்குமாரைப் போனில் பிடித்தாள். மலையில் எந்த லைன் அறுந்தாலும் அவனைத்தான் தேடுவார்கள். மண் சரிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மழை இரைச்சலுக்கு மேல் அவள் கத்தினாள்.

"இங்க ஒரு உயிர் ஊசலாடுது தம்பி. பழனி ரோட்டு லைன் ஏன் போச்சு?"

"அந்த ரோட்டுல ஏதுக்கா லைனு? ரெண்டு கம்பெனிக்கும் நான்தான இழுத்தேன். ரெண்டும் இந்த ரோட்டுல ஒரே போஸ்ட்டுலதான் கெடந்துச்சு."

பழனி. ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். அந்தக் கம்பெனி ஆள் பொய் சொல்லவில்லை.

ஜஹீரா தலையில் அடித்துக்கொண்டாள். யா அல்லாஹ், ரோடா, ஆளா என்று இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை!

சரிவுக்குக் குறுக்கே புதுக் கேபிள் போட்டுவிட்டானாம். முடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழையை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒட்டாது, மறுபடி முதலிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். நடுங்காத கை, இந்த மலையில் இப்போது அவனுடையதுதான்.

"வெரசா ஒட்டிர்றேன்க்கா. ஆமா, யாரு அது? நம்மூர்க்காரரா?"

போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ டூரிஸ்ட்டு தம்பி. நீ சோலியப் பாரு."

வைத்துவிட்டுத் திரும்பினாள். வராந்தா பெஞ்சில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி அழகம்மாள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் மகன் என்ன தாயி சொன்னான்? அப்பனப் பாக்க வர்றானா?"